குழி விழுந்தது எப்போ? செர்ரி பத்தி வாசகர் கேள்விகள்

போன இதழ்ல ஒரு வாசகருக்கு "செர்ரியை பறிச்ச உடனே குளிர வைங்க, மத்ததெல்லாம் அப்புறம்"னு ரெண்டே வரில பதில் எழுதியிருந்தேன். அதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு எதிர்பார்க்கல. வீட்ல ஃப்ரிட்ஜ்ல வெச்சு கெட்டுப்போச்சுன்னு எழுதினவங்க, கடை வெச்சிருக்கவங்க, தோட்டம் வெச்சிருக்கவங்கன்னு எல்லாரும் கேட்டிருக்காங்க. நான் ஒரு பேக் ஹவுஸ்ல (பறிச்ச பழத்தை தரம் பிரிச்சு பெட்டில அடைக்கற இடம்) பல வருஷம் பழத்தோட தரம் பாக்குற வேலையில இருந்தவன், அதனால இந்த தடவை முழு பக்கத்தையும் செர்ரிக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: சார், நல்ல சிவப்பா இருக்குன்னு ஒரு டப்பா செர்ரி வாங்கினேன், சாப்பிட்டா புளிச்சுது. வாழைப்பழம் மாதிரி ரெண்டு மூணு நாள் வெளிய வெச்சா பழுத்துரும்னு மேசை மேலயே வெச்சேன். நிறம் நல்லா கருத்துச்சு ஆனா இனிப்பு வரல, தோல் வேற சுருங்கிப்போச்சு. நான் என்ன தப்பு பண்ணேன்?

பதில்: உங்க தப்பு இல்லைங்க, பழம்னா பழுக்கும்னு தான நம்ம எல்லாருமே நெனைக்கிறோம். வாழை, ஆப்பிள், தக்காளி இதெல்லாம் பறிச்ச அப்புறமும் உள்ள வேலை செஞ்சுட்டே இருக்கும், எத்திலீன்னு ஒரு வாயுவை தானே உருவாக்கி பழுக்கும், வாழைல உள்ள மாவுச்சத்து சர்க்கரையா மாறும். செர்ரி அந்த சாதி இல்ல. திராட்சை, ஸ்ட்ராபெர்ரி மாதிரி மரத்துல (இல்ல கொடில, செடில) இருக்கற வரைக்கும் தான் அதுக்கு இனிப்பு ஏறும். இலை சர்க்கரை செஞ்சு காம்பு வழியா அனுப்பிட்டே இருக்கும், காம்பை கிள்ளின அந்த நிமிஷமே வரத்து நின்னுடும். பழத்துல மாவுச்சத்து சேமிப்பும் கிடையாது, அப்புறம் எதுல இருந்து சர்க்கரை வரும்?

உங்களை ஏமாத்தினது நிறம் தான். பறிச்ச பிறகும் செர்ரியோட நிறம் கொஞ்சம் கருக்கும், அது உண்மை. அதே சமயம் பழம் மூச்சு விடுறதுக்கு அதுல இருக்கற மாலிக் அமிலத்தை எரிச்சுடும், அதனால புளிப்பு லேசா குறைஞ்ச மாதிரி இருக்கும், ஆனா இனிப்பு ஒரு துளி கூட ஏறியிருக்காது, புளிப்பும் போயி இனிப்பும் இல்லாம சப்புன்னு ஆகிடும், நீங்க சாப்பிட்டது அந்த மாதிரி ஒண்ணு தான். தோட்டத்துல பறிக்கும்போதே நிறம் பாத்து, சாறு புழிஞ்சு ரிஃப்ராக்டோமீட்டர்ல சர்க்கரை அளவு பாத்து பறிக்கணும், 14லேர்ந்து 16 சதவீதம் குறைஞ்சபட்சம்னு பொதுவா சொல்லுவாங்க, நல்ல பழம் 18, 20ன்னு போகும். அதுக்கு முன்னாடி அவசரப்பட்டு பறிச்சுட்டா எந்த கோல்டு ஸ்டோரேஜும் காப்பாத்த முடியாது. பத்திரமா வெச்சா இருக்கற தரம் மெதுவா குறையும், சரியா வைக்கலைன்னா வேகமா குறையும், கூடறதுங்கற பேச்சே இல்ல. கீழ வர்ற எல்லா பதிலுக்கும் இது தான் அடிப்படை.

கேள்வி: வீட்டு ஃப்ரிட்ஜ்ல எங்க வைக்கணும்? கழுவி வைக்கலாமா? மூடி போட்ட டப்பாவா, திறந்த கிண்ணமா? எங்க வீட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க சார்.

பதில்: கழுவாம வைங்கம்மா. இதை மொதல்ல சொல்லிடறேன், ஏன்னா பாதி வீட்ல இங்க தான் கெடுது. செர்ரி தோல் வழியா தண்ணி உள்ள போகும், மழைக்கு மரத்துலயே பழம் வெடிக்கறதை தோட்டக்காரங்க கிட்ட கேட்டா கண்ணீரோட சொல்லுவாங்க. காம்பு சேர்ற இடத்துல ஒரு சின்ன கிண்ணம் மாதிரி பள்ளம் இருக்கும்ல, கழுவின தண்ணி அங்க தேங்கி நிக்கும், பூஞ்சைக்கு அது போதும். சாப்பிடறதுக்கு முன்னாடி அப்பப்ப எடுத்து கழுவிக்கோங்க.

இடம்னா ஃப்ரிட்ஜ்ல எது ரொம்ப சில்லுன்னு இருக்கோ அது. பின்பக்க தட்டு சரி, ஆனா ஃப்ரீசர் காத்து நேரா அடிக்கற இடம் வேணாம். கதவுல வைக்கவே வேணாம், திறந்து மூட திறந்து மூட அங்க தான் சூடு ஏறி ஏறி இறங்கும். செர்ரிக்கு குளிர் காயம்னு ஒண்ணு கிடையாது, வாழைப்பழத்தை ஃப்ரிட்ஜ்ல வெச்சா தோல் கருக்குதே, அந்த பயம் இதுல இல்ல, எவ்ளோ சில்லுன்னு வைக்கறீங்களோ அவ்ளோ நல்லது.

இப்ப மூடியா திறந்ததாங்கற சண்டைக்கு வர்றேன். ஃப்ரிட்ஜ் காத்து வறண்ட காத்து. ஒரு தட்டுல காத்தோட ஈரப்பதம் 40 சதவீதம்னு வெச்சுக்கோங்க, நிறையறதுக்கு 60 பாக்கி, அந்த 60ஐ பழத்துல இருந்து தான் உறிஞ்சப் பாக்கும். அதே குளிர்ல 90 சதவீத ஈரப்பதம் இருந்தா 10 தான் பாக்கி. ஒரே குளிரு, ஒரே பழம், ஆனா தண்ணி போற வேகத்துல ஆறு மடங்கு வித்தியாசம். அதனால திறந்த கிண்ணத்துல வைக்காதீங்க. அதுக்காக காத்தே போகாம அடைச்ச டப்பாவும் வேணாம், அதுல ஆவி வேர்த்து சொட்டும். சின்ன சின்ன ஓட்டை போட்ட கவர், இல்லைன்னா லேசா திறந்து வெச்ச டப்பா, அடியில ஒரு பேப்பர் டவல், அதுக்கு மேல காம்போட பழம். காம்பை பிடுங்கிட்டு வெச்சா பிடுங்கின இடம் காயம் தான, சாறு கசியும், பூஞ்சை உள்ள போயிடும்.

இன்னொண்ணு, எல்லாரும் செய்யறது இது, டப்பாவை எடுத்து மேசைல வெச்சு நாலு பழம் சாப்பிட்டு அரை மணி நேரம் கழிச்சு திரும்ப உள்ள வைக்கறது. சில்லுன்னு இருக்கற பழத்து மேல வெளிக்காத்து ஈரம் பனி மாதிரி படியும், அந்த ஈரத்தோட உள்ள போனா கழுவி வெச்சதும் இதுவும் ஒண்ணு தான். வேணுங்கறதை மட்டும் எடுத்துட்டு டப்பாவை உடனே வெச்சிடுங்க.

கேள்வி: நான் பழக்கடை வெச்சிருக்கேன். பெட்டி வந்தப்ப பிரிச்சு பாத்தேன், பளபளன்னு இருந்துச்சு, கையெழுத்து போட்டு வாங்கிட்டேன். நாலு நாள் கழிச்சு அதே பழத்துல விரலால அழுத்தின மாதிரி குழி குழியா இருக்கு. அனுப்பினவர் "உங்க ஃப்ரிட்ஜ் சரியில்ல"ங்கறார். வாடிக்கையாளர் நான் பழைய சரக்கை வித்துட்டேன்ங்கறார். உண்மையில யார் மேல தப்பு சார்?

பதில்: உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன், ஏன்னா பேக் ஹவுஸ்ல நான் அதிகமா சண்டை போட்டது இந்த ஒரு விஷயத்துக்கு தான். அந்த குழிக்கு தொழில்ல பிட்டிங்னு பேரு. பழம் எங்கயோ விழுந்திருக்கு, இல்ல மோதியிருக்கு. மோதின அடியில தோல் கிழியாது, தோலுக்கு அடியில இருக்கற செல்லுங்க உடைஞ்சுடும். உடைஞ்ச அன்னிக்கு வெளிய ஒண்ணும் தெரியாது, செல்லு ஒவ்வொண்ணா செத்து அங்க இருக்கற தண்ணி போயி மெல்ல உள்வாங்கும், அப்ப தான் மேல குழியா தெரியும். இதுக்கு சில நாளும் ஆகும், குளிர்ல இருந்தா ரெண்டு வாரம் கூட ஆகும். அடி விழுந்த இடமும் குழி தெரியற இடமும் வேற வேற ஊரா இருக்கும், தெரியற இடத்துல யார் நிக்கறாங்களோ அவங்க தலைல பழி. உங்களுக்கு நடந்தது இது தான்.

அடி எங்கெல்லாம் விழும்னு கேட்டா, பறிக்கறவர் வாளில ஒரு சாண் மேல இருந்து பொத்துன்னு போடறப்ப, வாளியை பெரிய தொட்டில கவுக்கறப்ப, அப்புறம் பேக் ஹவுஸ்ல கொத்தை பிரிக்கற மெஷின்ல, சைஸ் பிரிக்கற உருளைல, ஒரு பெல்ட்ல இருந்து இன்னொரு பெல்ட்டுக்கு விழறப்ப. ஒவ்வொண்ணும் சின்ன விழுகை தான், ஆனா எல்லாம் சேரும். நாங்க என்ன பண்ணுவோம்னா லைன்ல ஒவ்வொரு இடத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு கைப்பிடி பழம் எடுத்து தனித்தனி கவர்ல போட்டு குளிர்ல வெச்சுடுவோம், ரெண்டு வாரம் கழிச்சு எந்த கவர்ல குழி கூடியிருக்கோ அந்த இடத்துல தான் மெஷின் அடிக்குதுன்னு அர்த்தம். மெதுவான வேலை, ஆனா வாய்ச்சண்டை நின்னுடும்.

இங்க தான் போன இதழ் பதில்ல நான் ஒண்ணு விட்டுட்டேன்னு ஒரு வாசகர் சுட்டிக்காட்டி எழுதியிருந்தார், அவருக்கு நன்றி. "உடனே குளிர வைங்க"ன்னு மட்டும் எழுதிட்டேன். ஆனா ரொம்ப சில்லுன்னு இருக்கற பழத்தை உருட்டி பொரட்டினா குழி இன்னும் அதிகமா விழும். பழத்தோட உள் சூடு 10 டிகிரிக்கு கீழ இருக்கறப்ப அது அடியை தாங்காது. அதனால நல்ல பேக் ஹவுஸ்ல ஒரு தடவை ஓரளவுக்கு குளிர வெச்சு, அந்த சூட்டுலயே தரம் பிரிச்சு பேக் பண்ணி, அதுக்கப்புறம் கடைசியா 0க்கு இறக்குவாங்க. நீங்களும் கடைல ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த சூட்டோட, அதாவது அந்த சில்லோட, பெட்டில இருந்து தட்டுல கொட்டாதீங்க. கையால அள்ளி வைங்க.

உங்க ஃப்ரிட்ஜ் மேல முழுசா பழி இல்லைன்னு சொல்ல மாட்டேன், சூடா வறட்சியா இருந்தா குழி ஆழமா தெரியும், ஏன்னா தண்ணி போற வேகம் கூடுது. ஆனா அடி இல்லாம குழி வராது. அடுத்த தடவை பெட்டி வந்த உடனே ஒரு இருபது முப்பது பழம் எடுத்து ஓட்டை போட்ட கவர்ல போட்டு தேதி எழுதி ஃப்ரிட்ஜோட ரொம்ப குளிரான இடத்துல தனியா வைங்க, யாரும் தொட வேணாம். கடை தட்டுல இருக்கற பழத்துலயும் அந்த கவர்லயும் ஒரே மாதிரி குழி வந்தா அடி முன்னாடியே விழுந்தது, போட்டோ எடுத்து அனுப்புங்க. கவர்ல இருக்கறது நல்லா இருந்து தட்டுல மட்டும் குழின்னா உங்க கடைல கையாளறதை பாருங்க. வாங்கின நேரத்துல ஒரு பழத்துல தெர்மாமீட்டர் குத்தி என்ன சூடுன்னும் எழுதி வெச்சுக்கோங்க, 10, 12ன்னு வந்தா குளிர் வழில எங்கயோ அறுந்திருக்கு.

கேள்வி: காம்பு பச்சையா இருந்தா புதுசுங்கறாங்களே, நம்பலாமா?

பதில்: பெருமளவுக்கு நம்பலாம். காம்பு மெலிசு, அதோட எடைக்கு மேற்பரப்பு ரொம்ப அதிகம், தண்ணியை பிடிச்சு வைக்க பழத்துக்கு இருக்கற மாதிரி மெழுகுத் தோலும் இல்ல, அதனால பழத்துக்கு முன்னாடி காம்பு தான் வாடும், பழுப்பா ஆகும். ஆனா காம்பு சொல்றது பழம் பட்ட வெயிலையும் வறட்சியையும் தான், வயசை இல்ல. ரெண்டு வாரம் சரியா வெச்ச பழத்துக்கு காம்பு பச்சையாவே இருக்கும், பறிச்சு ஒரு நாள் வெயில்ல கிடந்த பழத்துக்கு பழுப்பாயிடும். என்னை கேட்டா நான் ரெண்டாவதை வாங்க மாட்டேன், முதலாவதை வாங்குவேன். காம்போட சேத்து பழத்தோட மினுமினுப்பும், அழுத்தினா கெட்டியா இருக்கான்னும் பாருங்க.

கேள்வி: எங்களுக்கு சின்ன தோட்டம். கோல்டு ரூம் கிடையாது, பறிச்சு முடிக்கவே மதியம் ஆகிடுது, சாயங்காலம் தான் வண்டி வரும். பெரிய செலவு இல்லாம என்ன செய்யலாம் ஐயா?

பதில்: உங்க கேள்விக்கு தான் நான் அதிக நேரம் யோசிச்சேன், ஏன்னா பறிச்சதுல இருந்து முதல் நாலு மணி நேரத்துல செர்ரி இழக்கறதை அப்புறம் நாலு நாள் கோல்டு ரூம்ல வெச்சாலும் திரும்ப தர முடியாது.

செர்ரி மூச்சு விடற பழம், அதுவும் வேகமா விடும். 20 டிகிரில அது விடற மூச்சு 0 டிகிரில விடறதை மாதிரி ஐஞ்சாறு மடங்கு. மூச்சு விட விட அமிலமும் சர்க்கரையும் எரியும், அப்படி எரியறப்ப சூடு வரும், குவிச்சு வெச்ச க்ரேட் நடுவுல கை விட்டு பாருங்க, வெளிய விட உள்ள சூடா இருக்கும். இன்னொரு பக்கம் தண்ணி. 25 டிகிரில பாதி ஈரப்பதம் இருக்கற காத்து பழத்துல இருந்து தண்ணியை இழுக்கற வேகத்தை, 0 டிகிரில 90 சதவீத ஈரப்பதம் இருக்கற காத்தோட ஒப்பிட்டு கணக்கு போட்டா கிட்டத்தட்ட 25 மடங்கு வருது. வெயில்ல இருந்தா இன்னும் மோசம்.

அதனால செலவே இல்லாத வேலை மொதல்ல. காலைல இலைல பனி ஈரம் காஞ்ச உடனே பறிக்க ஆரம்பிங்க, பழம் ராத்திரி குளிர்ல இருக்கும். வெயில் ஏறினா நிறுத்திடுங்க, மிச்சத்தை நாளைக்கு பறிக்கலாம், மரத்துல இருக்கறது ஒண்ணும் கெட்டுடாது (மழை வராதுன்னு தெரிஞ்சா). பறிச்ச க்ரேட்டை மரத்தடி நிழல்ல வைக்காதீங்கன்னு சொல்ல மாட்டேன், வைங்க, ஆனா நிழல் நகரும், பத்து மணிக்கு நிழலா இருந்த இடம் பன்னெண்டுக்கு வெயில், இதை நானே எத்தனையோ தோட்டத்துல பாத்திருக்கேன். ஒரு கொட்டகை போடுங்க. க்ரேட் மேல வெளுத்த நிற ஈரத்துணியோ ஈர நுரை விரிப்போ போட்டு மூடுங்க, துணி பழத்தை தொட வேணாம்.

அடுத்தது தண்ணி. கோல்டு ரூம் இல்லாட்டியும் ஐஸ் கிடைச்சா ஹைட்ரோ கூலிங் பண்ணலாம். ஒரு பெரிய தொட்டி, அதுல ஐஸ் போட்ட தண்ணி, ஓட்டை இருக்கற க்ரேட்டை அப்படியே இறக்கணும், இல்ல மேல இருந்து அந்த தண்ணியை பொழியணும். காத்துல மணிக்கணக்கா ஆகறது தண்ணில அஞ்சு பத்து நிமிஷத்துல முடிஞ்சுடும். அதுக்கு மேல ஊற வைக்காதீங்க, சொன்னேன்ல, தோல் தண்ணி குடிக்கும், வெடிக்கும். தொட்டி தண்ணி சுத்தமா இருக்கணும், இதுல சமரசமே கூடாது, ஒரு அழுகின பழத்தோட பூஞ்சை விதை தொட்டி முழுக்க பரவி ஊர் பழத்துக்கெல்லாம் ஒட்டிக்கும். பெரிய பேக் ஹவுஸ்ல 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு தண்ணிக்கு 100 பங்கு) அளவுக்கு குளோரின் போட்டு, தண்ணியோட பிஎச் (அமில கார அளவு) 6.5லேர்ந்து 7.5க்குள்ள வெச்சு, மணிக்கொரு தரம் அளந்து பாப்பாங்க, மண்ணும் இலையும் சேர சேர குளோரின் செத்துடும்ங்கறதால. நீங்களும் பரிசோதிக்கற பட்டை வாங்கி வெச்சுக்கோங்க, கண்ணளவுல போடாதீங்க, தண்ணி கலங்கினா மாத்திடுங்க. குளிர்ந்த பழத்தை திரும்ப வெளிய வெயில்ல வெக்கப் போறதா இருந்தா இதை செய்யறதுல அர்த்தமே இல்ல, தெர்மோகோல் பெட்டியோ ஐஸ் வெச்ச மூடின வண்டியோ இருக்கணும். அது முடியலைன்னா வண்டி நேரத்தை காலைக்கு மாத்த நாலு தோட்டக்காரங்க சேர்ந்து பேசிப் பாருங்க.

கூடவே ஒண்ணு, பழம் மஞ்சள் வைக்கோல் நிறத்துல இருக்கறப்ப, அறுவடைக்கு மூணு வாரம் முன்னாடி ஜிபரெலிக் அமிலம்னு ஒரு பயிர் வளர்ச்சி ஊக்கி தெளிச்சா பழம் கெட்டியா வரும், அறுவடையும் சில நாள் தள்ளிப்போகும். கெட்டியான பழம் சேமிப்புல நிக்கும். அளவை உங்க பகுதி தோட்டக்கலை அதிகாரிகிட்ட கேட்டு போடுங்க.

கேள்வி: மைனஸ் 1 டிகிரில வைக்கணும்னு ஒரு இடத்துல படிச்சேன். உறைஞ்சுடாதா?

பதில்: உறையாது. தண்ணி 0ல உறையும், செர்ரி சாறுல சர்க்கரை இருக்கறதால மைனஸ் 1.8 டிகிரி கிட்ட போனா தான் உறைய ஆரம்பிக்கும், இனிப்பு கூட கூட இன்னும் கீழ போகும். அதான் மைனஸ் 1லேர்ந்து 0 வரைக்கும், ஈரப்பதம் 90லேர்ந்து 95ன்னு வெச்சிருக்காங்க. ஆனா இது தெர்மாமீட்டர் சரியா இருக்கற பெரிய கோல்டு ரூமுக்கு. வீட்டு ஃப்ரிட்ஜ்ல இதை முயற்சி பண்ணாதீங்க, அதுல ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் ரெண்டு மூணு டிகிரி வித்தியாசம் இருக்கும். இனிப்பு ஏறாத பழத்தோட உறைநிலை கொஞ்சம் மேலயே இருக்கும்ங்கறதையும் கோல்டு ரூம் காரங்க மறக்கக் கூடாது.

கேள்வி: சிலில இருந்து சைனாவுக்கு செர்ரி கப்பல்ல போகுதாமே, மூணு வாரம் கடல்ல எப்படி கெடாம இருக்கு? அந்த பெட்டிக்குள்ள இருக்கற பிளாஸ்டிக் பையில என்ன ரகசியம்? நாங்க இறக்குமதி பெட்டி வாங்கி அந்த பையோட அப்படியே வெளிய வெச்சிருந்தோம், சாராய வாடை வந்துடுச்சு.

பதில்: ரெண்டு கேள்விக்கும் ஒரே பதில் தான்.

சிலி செர்ரில பெரும்பங்கு சைனாவுக்கு தான் போகுது, அவங்க புத்தாண்டுக்கு முன்னாடி போய் சேரணும்னு வேகமான கப்பலே தனியா ஓடுது, அப்படியும் மூணு வாரத்துக்கு மேல ஆகும். லேபின்ஸ், ரெஜினா, சாண்டினா மாதிரி ரகங்க போகும். சாதாரண காத்துல நல்ல குளிர்ல செர்ரி ரெண்டுலேர்ந்து நாலு வாரம் தாங்கும், அதுவே விளிம்பு தான். அங்க தான் அந்த பை வருது. பழம் பைக்குள்ள மூச்சு விட்டு ஆக்சிஜனை குறைக்கும், கார்பன் டை ஆக்சைடை கூட்டும், பை கொஞ்சம் கொஞ்சமா வாயுவை உள்ள வெளிய விடும், ரெண்டும் ஒரு இடத்துல சமமாகி நிக்கும். நாம இழுக்கற காத்துல ஆக்சிஜன் 21 சதவீதம். செர்ரிக்கு 3லேர்ந்து 10க்குள்ளயும், கார்பன் டை ஆக்சைடு 10லேர்ந்து 15க்குள்ளயும் இருந்தா மூச்சு மெதுவாகும், பூஞ்சை அடங்கும், காம்பு பச்சையா நிக்கும், பைக்குள்ள ஈரமும் போகாது.

ஆனா அந்த பை 0 டிகிரி மூச்சை கணக்கு பண்ணி செஞ்சது. வெளிய எடுத்து வெச்சா பழம் ஐஞ்சாறு மடங்கு வேகமா மூச்சு விடும், பை அதே வேகத்துல தான் காத்து விடும். கொஞ்ச நேரத்துல உள்ள ஆக்சிஜன் தீர்ந்துடும். 1 சதவீதத்துக்கு கீழ போனா பழம் ஆக்சிஜன் இல்லாம பொழைக்கப் பாக்கும், அப்ப ஆல்கஹால் உண்டாகும். உங்களுக்கு வந்த வாடை அது தான். கார்பன் டை ஆக்சைடும் 30 சதவீதத்தை தாண்டினா தோல் பழுப்படிக்கும், சுவை கெடும். அதனால பெட்டி குளிர்ல இருந்து வெளிய வந்த உடனே பையை கிழிச்சு திறந்துடுங்க. குளிர்ல இருக்கற வரைக்கும் திறக்காதீங்க.

எவ்ளோ நல்ல பையா இருந்தாலும் நாள் கணக்கு தப்பினா தப்பினது தான். 2025 ஜனவரில ஆயிரத்துக்கு மேல கன்டெய்னர் செர்ரியோட சைனாவுக்கு போன ஒரு கப்பல் என்ஜின் பழுதாகி நடுக்கடல்ல நின்னுடுச்சு, புத்தாண்டு முடிஞ்சு பிப்ரவரி நடுவுல தான் கரை சேர்ந்துச்சு. குளிர் மெஷின் ஓடிட்டே இருந்தாலும் அத்தனை நாள் ஆன பழம் எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கலாம். அந்த பழத்தை வளர்த்தவங்களை நெனைச்சா எனக்கு இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு.

கேள்வி: டப்பால ஒரே ஒரு பழத்துல வெள்ளையா பூஞ்சை. அதை மட்டும் எடுத்து போட்டுட்டு மிச்சத்தை சாப்பிடலாமா? பூஞ்சை இருக்கற பக்கத்தை வெட்டிட்டு சாப்பிடலாமா?

பதில்: வெட்டி சாப்பிடாதீங்க. மெத்துன்னு தண்ணி நிறைஞ்ச பழம், பூஞ்சையோட வேர் கண்ணுக்கு தெரியாம உள்ள ஓடியிருக்கும். நீலப் பூஞ்சை பெனிசிலியம் எக்ஸ்பான்சம் பட்டுலின்னு ஒரு நச்சை உண்டாக்கும். அந்த பழத்தையும், அதை ஒட்டி இருந்த பழங்களையும் தூக்கிப் போட்டுடுங்க. தள்ளி இருந்ததை ஒவ்வொண்ணா பாத்து கெட்டியா, வெடிப்பில்லாம இருந்தா கழுவி அன்னிக்கே சாப்பிட்டுடுங்க.

குளிர் எல்லா பூஞ்சையையும் ஒரே மாதிரி அடக்காது. ரைசோபஸ்னு ஒண்ணு, நீளமா பஞ்சு மாதிரி வளர்ந்து பழத்துல இருந்து சாறு ஒழுக வைக்கும், அது 5 டிகிரிக்கு கீழ கிட்டத்தட்ட நின்னுடும். ஆனா சாம்பல் பூஞ்சை பொட்ரைட்டிஸ், 0 டிகிரில கூட மெதுவா வளர்ந்துட்டே தான் இருக்கும், நீலப் பூஞ்சையும் அப்படி தான். அதனால ஃப்ரிட்ஜ்ல தான இருக்குன்னு விட்டுடாதீங்க, ரெண்டு நாளுக்கு ஒரு தடவை டப்பாவை பாத்து வெடிச்சது, நசுங்கினதை எடுத்துடுங்க. பூஞ்சை பெரும்பாலும் காயத்து வழியா தான் நுழையும்.

கேள்வி: ஆப்பிள் பக்கத்துல வெச்சா செர்ரி சீக்கிரம் கெடும்ங்கறது உண்மையா?

பதில்: எத்திலீனுக்கு செர்ரி பெருசா அசையாது, அந்த கவலை வேணாம். வெங்காயம், பூண்டு பக்கத்துல வேணா வைக்காதீங்க, வாடை பிடிச்சுக்கும்.

கேள்வி: மஞ்சள் சிவப்பு கலந்த ரெய்னியர் செர்ரி வாங்கினா எப்பவுமே பழுப்பு கறை இருக்கு. அந்த ரகமே மட்டமா?

பதில்: மட்டம் இல்லைங்க. ரெய்னியர் 1952ல அமெரிக்காவோட வாஷிங்டன் மாநிலத்துல ப்ராசர்ங்கற இடத்துல பிங், வான்ங்கற ரெண்டு செர்ரி ரகத்தையும் கலப்பினம் பண்ணி உருவாக்கினது, சாப்பிட அவ்ளோ இனிப்பு. வெளிர் தோல்ங்கறதால கருஞ்சிவப்பு செர்ரில மறைஞ்சு போற அடி இதுல அப்படியே தெரியும். கையை வெச்சு கிளறாம காம்பைப் பிடிச்சு எடுங்க.

கேள்வி: ரெண்டு வாரம் வெச்ச செர்ரில சத்து இருக்குமா? நிறைய வாங்கிட்டேன், ஃப்ரீசர்ல போடலாமா?

பதில்: செர்ரில விட்டமின் சி ஆரம்பத்துலயே கம்மி தான், 100 கிராமுக்கு 7 மில்லி கிராம் அளவு, வைக்க வைக்க அது குறையும். சிவப்பு நிறத்தை தர்ற ஆந்தோசயனின் குளிர்ல நல்லாவே நிக்கும். மொதல்ல போறது சத்து இல்ல, சுவை, புளிப்பு குறைஞ்சு சப்புன்னு ஆகறது தான்.

ஃப்ரீசர்ல தாராளமா போடலாம், ஆனா கெடப் போகுதுன்னு தெரிஞ்ச அப்புறம் போடாதீங்க, வாங்கின ரெண்டு மூணு நாளுக்குள்ள நல்ல பழமா பாத்து போடுங்க. இங்க மட்டும் கழுவணும், கழுவி நல்லா துடைச்சு ஈரம் போக உலர்த்தி, காம்பும் கொட்டையும் எடுத்துட்டு, ஒரு தட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம ஒரே அடுக்கா பரப்பி ஃப்ரீசர்ல வைங்க. கல்லு மாதிரி ஆன பிறகு கவர்ல போட்டு காத்தை அழுத்தி எடுத்துட்டு கட்டுங்க. மைனஸ் 18 டிகிரில மாசக்கணக்கா இருக்கும். உருகினா கெட்டியா இருக்காது, உள்ள உறைஞ்ச பனிக்கட்டி செல் சுவரை கிழிச்சிருக்கும், சாறு விடும். அதனால பாதி உருகினப்பவே சாப்பிடுங்க, இல்ல ஜூஸ், ஜாம் போட்டுக்கோங்க. கொட்டையோட போட்டீங்கன்னா நாளாக ஆக பாதாம் வாசனை பழத்துக்குள்ள இறங்கும், சிலருக்கு அது பிடிக்கும்.